மாக்கோழியும் மாப்பொறியும்

உயிர் ஒன்றும் சாகாத போரில் இம்சை உண்டா என்னும் வினா இன்று நம் இல்லங்களில் எழுந்துள்ளது. கணிப்பொறியிலும் கைபேசியிலும் பிள்ளைகள் ஆடும் போர் விளையாட்டுகளே இவ்வினாவுக்குக் காரணம். உத்திரமேரூர் வட்டாரத்து நம்மவர் பிள்ளைகள் கூடும் பாடசாலையில், தசலட்சண பருவத்தின்போது சிறுவர்க்கு அளிக்கும் சிறு விரதங்களின் வரிசையில் ‘போர் விளையாட்டு ஆடேன்’ என்பதனையும் சேர்த்தல் வேண்டும் எனப் பெற்றோருள் ஒரு சாரார் வற்புறுத்தினர். மற்றொரு சாராரோ, “திரையில் தோன்றி மறைவன வெறும் ஒளிப்புள்ளிகள். இல்லாத உயிரைக் கொல்வது எங்ஙனம்?” என்று வினவினர். ஆசிரியப் பயிற்சி பெற்று நெடுங்காலம் பிள்ளைகளோடு பழகியவர் என்னும் முறையில் எம் கருத்தையும் கேட்டனர். அதற்கு விடையாக எழுந்ததே இக்கட்டுரை.

இரண்டாம் சாராரின் விடை பிறர்க்குப் போதுமானதாகலாம்; யசோதரன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் போதாது. உஞ்சயினியில் அரசாண்ட யசோதரன், தீய கனாக் கண்டதாகத் தன் தாய் சந்திரமதியிடம் கூறுகிறான். சண்டமாரி தேவிக்கு உயிர்ப்பலி கொடுத்தால் தீங்கு நீங்கும் என்கிறாள் தாய். உயிரைக் கொல்ல ஒருப்படாத மகனை, மாவினால் ஒரு கோழி செய்து அதனையேனும் பலியிடுக என்று இணங்க வைக்கிறாள். மாக்கோழி வெட்டப்படுகிறது. பின்னர் அரசி அமிர்தமதி இட்ட நஞ்சினால் தாயும் மகனும் மாண்டு, மயிலும் நாயுமாக, மீனும் முதலையுமாக, ஆடாக, எருமையாக, கோழிகளாகப் பிறந்து பிறந்து துன்புறுகின்றனர். இறுதியில் அபயருசி, அபயமதி என்னும் உடன்பிறப்புகளாய்த் தோன்றி, தம்மையே பலியிட முனைந்த மாரிதத்த மன்னனுக்கு இவ்வரலாற்றைச் சொல்கின்றனர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் கூறுவது இது. வடமொழியில் சோமதேவ சூரி 959ஆம் ஆண்டில் இயற்றிய யசஸ்திலகமும் இக்கதையையே விரிக்கும்.

மாவுக்கு உயிரில்லை. வெட்டியபோது ஓர் எறும்புக்கும் ஊறு நேர்ந்ததாகக் கதையில் இல்லை. ஆயினும் வினை வந்து பற்றியது. ஆகவே, ‘ஒன்றும் சாகவில்லையே’ என்னும் சொல்லை நம் வீட்டில் ஒருவர் விடையாகக் கூறுவாராயின், அவர் அக்காவியத்தை ஒரு முறை எடுத்துப் படித்தல் நலம்.

வினை ஏன் பற்றியது? இம்சையைத் திரவிய இம்சை, பாவ இம்சை என இருவகையாகப் பகுப்பர் நம் ஆசாரியர். ஈண்டு ஒரு சிறு விளக்கம் வேண்டும். உள்ளக் கருத்தைக் குறிக்கும் வடசொல்லும் தீவினையைக் குறிக்கும் வடசொல்லும் வேறு வேறானவை. தமிழ் எழுத்தில் இரண்டுமே ‘பாவம்’ என்று ஒன்றாகிவிடுகின்றன. பாடசாலைப் பிள்ளைகள் இதனால் பெரிதும் குழம்புவதைக் கண்டிருக்கிறோம். எனவே முன்னதை இக்கட்டுரையில் உள்ளக்கருத்து என்றே வழங்குவோம். வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என்னும் கசாயங்களால் கலங்கிய உள்ளத்தோடும் சோர்வோடும் பிற உயிரின் பிராணனுக்கு ஊறு செய்வதே இம்சை என்பது உமாசுவாமி வகுத்த இலக்கணத்தின் கருத்து. ஊறு செய்வது கை. அதனை இம்சை ஆக்குவது உள்ளம். உழவனையும் செம்படவனையும் அருகருகே நிறுத்திக் காட்டுகிறார் சோமதேவர். ஏர் செல்லும் வழியில் எத்தனையோ உயிர்கள் மடிகின்றன; ஆயினும் உழவன் நாடுவது விளைவையே. வலையை வீசிவிட்டுக் கரையில் அமர்ந்திருக்கும் செம்படவன் அந்நேரத்தில் ஒரு மீனையும் கொல்லவில்லை. ஆயினும் கொலையே அவன் கருத்து.

இதனினும் கூர்மையானது தண்டுல மச்சத்தின் கதை. பெருங்கடலில் ஒரு பெருமீன் வாய் திறந்து உறங்குகிறது. சிறுமீன்கள் அதன் வாய்க்குள் புகுவதும் மீள்வதுமாய் இருக்கின்றன. அப்பெருமீனின் செவியில் வாழும் அரிசியளவு மீன் ஒன்று, ‘இவன் எத்தகைய மூடன்! இவ்வுடல் எனக்கு இருந்தால் ஒன்றையும் தப்பவிடேன்’ என்று எண்ணி எண்ணிப் பொருமுகிறது. ஒரு மீனையும் தின்னாமலே அது ஏழாம் நரகம் புகுந்தது என்பர். பொன்னூர் மலையில் திருவடிச் சுவடு கொண்டு நாம் வணங்கும் குந்தகுந்தாசாரியர் தம் பாவபாகுடத்தில் இம்மீனைச் சுட்டுகிறார். திரைக்கு முன் அமர்ந்திருக்கும் நம் பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் பெருமீனின் செவியில் அமர்ந்த இச்சிறுமீன் எம் நினைவுக்கு வருகிறது.

அவ்வாறாயின் முதற் சாராரே வென்றனர் என முடித்துவிடலாமா? அவர்கள் ஆண்ட அதே கோல்தான் அவர்களையும் அளக்கும். உள்ளக்கருத்தே அளவை என்றால், திரையில் தெரியும் உருவத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறவும் இயலாது. எம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பதை யாவரும் அறிவர். குடத்திலிருந்து ஓலையை எடுப்பதற்கு, உள்ளிருப்பது அறியாத ஒரு சிறுவனை அழைக்க வேண்டும் என அவை விதிக்கின்றன. ஓலையை எடுக்கும் செயல் ஒன்றே. விருப்பு வெறுப்பு இல்லாத கை எடுத்தால் அது நீதி, விருப்புள்ள கை எடுத்தால் சூழ்ச்சி. கல்வெட்டை எழுதிய சபையார் சமணர் அல்லர். ஆயினும் இந்நுட்பத்தை அறிந்திருந்தனர்.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையால் பெயர் பெற்றது அது. எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு கட்டங்கள். ஒருவர் ஆடிய பின் மற்றவர் ஆட வேண்டும். அக்காலத்தின் மாப்பொறி யானையே. கோட்டைக் கதவை உடைத்ததும் அதுவே. எதிரியின் காயை எடுப்பதைத் தமிழில் நாம் ‘வெட்டுதல்’ என்றே சொல்கிறோம். யசோதரன் கோழிக்குச் சொன்ன சொல்லும் அதுதான். சொல்லளவில் அஞ்சுவோர் இங்கேயே அஞ்சியிருத்தல் வேண்டும். (சொல்லிலும் கொலை கூடாது என்று அஞ்சிய பெரியோரும் உளர். காயை நறுக்குவதை வைணவ இல்லங்களில் ‘திருத்துதல்’ என்பர். குசராத்திச் சமணர் இல்லங்களிலும் ‘வெட்டு’ என்னாமல் ‘சீர்செய்’ என்னும் பொருள்படும் சொல்லையே ஆள்வர். அது போற்றத்தக்க அச்சமே.) ஆயினும் சதுரங்கத்தை நம் முன்னோர் பாவ விளையாட்டு எனத் தள்ளியதாக யாம் கேட்டதில்லை. பணயம் வைத்து ஆடினால் அது சூது. ஏழு வியசனங்களுள் முதலாவது. பணயம் இல்லையேல் அறிவுப் பயிற்சி.

2019இல் காஞ்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில், 2022ஆம் ஆண்டு 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நிகழ்ந்தபோது நம் பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றி அனுப்பி மகிழ்ந்தோம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதுக் குகேசு, சீனத்து திங் லிரெனை வென்று உலகப் பட்டம் பெற்றார். வென்ற கணத்தில் அவர் கண்ணீர் விட்டார். பின்னர்க் கலைந்து கிடந்த காய்களை மீண்டும் அதனதன் கட்டத்தில் அடுக்கிவைத்துவிட்டே எழுந்தார். அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட யாம், ‘வெட்டினான்’ என்னும் சொல் அவ்விடத்தில் எவ்வளவு பொருளற்றது என்று எண்ணினோம். யசோதரன் மாவைக் கோழியாகவே கருதினான். கொலையின் பயன் தனக்கு வேண்டும் என்றே வெட்டினான். சதுரங்க வீரர் மரக்காயை எந்த மனிதனாகவும் கருதவில்லை. எந்த மரணத்தின் பயனையும் வேண்டவில்லை. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டால் யசோதர காவியத்தின் பொருளையே விட்டுவிடுவோம்.

போர்ப்பொறியின் பெயரைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வதும் நம் மரபு அன்று. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் அடைக்கலக் காதையின் முடிவில், மதுரை மதிலின்மேல் நின்ற பொறிகளை இளங்கோவடிகள் நிரல்படக் கூறுகிறார்: தானே வளைந்து எய்யும் வில், கல்லை வீசும் கவண், குரங்குருவில் இருந்து கடிக்கும் பொறி, பன்றியுருவப் பொறி எனப் பல. அப்பொறிகளின் கீழேதான் அடைக்கலப் பொருளாகிய கண்ணகி நடந்து செல்கிறாள். உதயணன் கதையில் வரும் பொறியானையோ வயிற்றில் வீரரை ஒளித்துக்கொண்டு வஞ்சனையால் அரசனைச் சிறைப்பிடிக்கிறது. திருத்தக்கதேவர் படைத்த மயிற்பொறி அதற்கு மாறானது. கருவுற்ற விசயையைப் பகைவரிடமிருந்து காப்பாற்றுவதற்காகவே பறக்கிறது. பொறி ஒன்றே, கருத்து இரண்டு.

இனி, பிள்ளைகள் உண்மையில் ஆடுவது யாது என்பதைப் பார்த்தல் வேண்டும். பாராமலே விரதம் வகுப்பது நோயாளியைக் காணாமல் மருந்து கொடுப்பது போன்றது. எம் பேரர் இருவர். இளையவன் உள்ளூரில் பதினோராம் வகுப்புப் படிக்கிறான். மூத்தவன் சென்னையில் பொறியியல் பயில்கிறான். இருவரும் ஆடுவன முறை மாற்றி ஆடும் விளையாட்டுகளே. இரண்டிலும் மாடிவீட்டின் உயரத்துக்கு நிற்கும் போர்ப்பொறிகள் உண்டு. இரண்டும் 2018இல் வெளிவந்தவை. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை அருகில் அமர்ந்து பார்த்த பின்பே அறிந்தோம்.

இளையவனுடையது ‘இன்டூ தி பிரீச்’ என்பது. மாத்யூ டேவிஸ், ஜஸ்டின் மா என்னும் இருவர் நிறுவிய சப்செட் கேம்ஸ் அதனை வெளியிட்டது. களம் சதுரங்கத்தைப் போன்றே எட்டுக்கு எட்டுக் கட்டம். ஆடுபவன் கையில் மூன்று பொறிகள். மண்ணுக்கடியிலிருந்து வெக் என்னும் பேருருவப் பூச்சிகள் ஏறிவந்து மக்கள் வாழும் வீடுகளைத் தாக்கும். இதன் புதுமை யாதெனில், ஒவ்வொரு பூச்சியும் அடுத்து எந்தக் கட்டத்தைத் தாக்கப் போகிறது என்பது முன்கூட்டியே காட்டப்படும். அதனை அறிந்தபின் தன் மூன்று பொறிகளை நகர்த்தி அத்தீங்கைத் தடுப்பதே ஆட்டம். பூச்சியை ஒரு கட்டம் தள்ளிவிடலாம். அது மண்ணிலிருந்து வெளிவரும் துளையின்மேல் தன் பொறியை நிறுத்தி அடைக்கலாம். வேறு வழி இல்லையேல், வீட்டுக்கு முன் தன் பொறியை நிறுத்தி அடியைத் தானே ஏற்கலாம். வீடுகள் இடிய இடிய மின்னாற்றல் குறையும். அது அற்றுப்போனால் ஆட்டம் தோற்றது. குறித்த முறைகள் கழிந்ததும் எஞ்சிய பூச்சிகள் மண்ணுக்குள் திரும்பிவிடும். எல்லாவற்றையும் கொல்ல வேண்டுவதில்லை. காத்து நின்றாற் போதும். ஆட்டம் முடிந்தபின் காக்கப்பட்ட மக்கள் எத்தனை பேர் என்பதே எண்ணிக்கையாக வருகிறது.

மிகக் கடினமான விளையாட்டு. ஒரே முறைக்கு அரைமணி நேரம் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருப்பான். ஒன்றைக் காத்தால் மற்றொன்று இடியும். அப்போது அவன் திரையை நோக்கும் நோக்கில் யாம் சினத்தைக் காணவில்லை. கணக்குத் தேர்வில் விடை வராத பிள்ளையின் முகத்தையே கண்டோம்.

மூத்தவனுடையது ‘பாட்டில்டெக்’ என்பது. இதில் ஆடுபவன் கூலிப்படைத் தலைவன். பணம் கொடுப்பவர் யாரோ அவருக்காகப் போரிட வேண்டும். நான்கு பொறிகளோடு களம் புகுந்து, எதிரியின் பொறியின் கையை ஒடித்து, காலை முறித்து, வீழ்ந்தவற்றின் உதிரிகளைத் தனதாக்கிக்கொள்ளலாம். பொறி சிதையாமல் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால் அதன் தலையைக் குறிவைத்து, உள்ளே அமர்ந்திருக்கும் ஓட்டுநனை மட்டும் கொல்வது சிறந்த உத்தியாம். இதனை மூத்தவன் எமக்கு மிகுந்த ஆர்வத்தோடு விளக்கினான். கேட்டுக்கொண்டிருந்த எமக்கு உணவு செல்லவில்லை.

இளையவனோ பாடசாலையில் யசோதரன் கதையைக் கேட்டு வந்த நாளிரவு உறங்கவில்லை. ‘பாட்டி, அப்படியானால் நானும் மயிலாகப் பிறப்பேனா?’ என்று கேட்டான். சிறுபிள்ளை அல்லன், பதினாறு வயது நிரம்பியவன். நகையாடிக் கேட்கவில்லை. ‘அதெல்லாம் கதை’ என்று சொன்னால் காவியம் பொய்யாகும். ‘ஆம்’ என்றால் அவன் வாழ்வில் அச்சம் ஒன்றை நட்டவர் ஆவோம். இரண்டும் வேண்டா எனில் உண்மையை ஆராய்ந்தே ஆகவேண்டும்.

இல்லறத்தார்க்குரிய இம்சையை நான்காக வகுப்பர்: கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்பி, இல்லப் பணிகளில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்யோகி, தற்காப்பில் நேரும் விரோதி. முதலாவதனை இல்லறத்தானும் முற்றும் துறக்க வேண்டும். மற்ற மூன்றும் முழுதும் விலக்க இயலாதவை; விழிப்போடு குறைத்துக்கொள்ளத் தக்கவை. சிரவணபெளகொளாவில் பாகுபலி பகவானை வானளாவ நிறுவிய சாமுண்டராயர் கங்க நாட்டுப் படைத்தலைவர், போர்க்களம் கண்டவர். நம் சங்கம் அவரைச் சிராவகர் வரிசையினின்று நீக்கவில்லை.

இளையவன் விளையாட்டு, கருத்தளவில், விரோதியின் வரம்புக்குள் நிற்பது. வீடு காக்கப்பட வேண்டும் என்பதே அவன் வேண்டுவது. ஆயினும் ஓர் இடர் உண்டு. அதனை மறைத்தல் தகாது. அவன் எதிர்ப்பவை பூச்சிகள். நீரை வடிகட்டி அருந்துவதும், பொழுது சாய்ந்தபின் உண்ணாமையும், விளக்கில் விழும் விட்டிலுக்காக இரங்குவதும் எதற்காக? அச்சிற்றுயிர்களுக்காக அன்றோ? பிற வீட்டுப் பிள்ளைக்குப் பூச்சி என்பது எளிதில் வெறுக்கத்தக்க பகை; ஆகவேதான் அவ்விளையாட்டைச் செய்தவர் பூச்சியைப் பகைவனாக்கினர். நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஆகலாகாது. பூச்சி செத்தால் மனம் ஒன்றும் சொல்லாத பழக்கம் அவனுள் படியுமாயின், அஃது எத்துணை வீடுகளைக் காத்தாலும் ஈடாகாத இழப்பு. அவனிடமே இதனைக் கேட்டோம். சில நாள் கழித்து, எதனையும் கொல்லாமல் தள்ளியும் அடைத்தும் மட்டுமே ஒரு களத்தை முடித்ததாக வந்து சொன்னான். மற்ற இரு களங்களில் அவ்வாறு முயன்று வீடுகளை இழந்தானாம்.

மூத்தவன் விளையாட்டைப் பற்றி எமக்கு ஐயமில்லை. கூலிக்காகப் போர், உதிரிக்காகக் கொலை, பொறி பழுதாகாமல் இருக்க வேண்டி மனிதனைக் குறிவைத்தல். உலோபம் முன்செல்ல இம்சை பின்செல்கிறது. அங்கே ஓட்டுநன் என ஒருவனும் இல்லை என்பது உண்மையே. மாக்கோழிக்குள்ளும் கோழி இல்லை. ஓட்டுநன் இறத்தலால் வரும் பயனை விரும்பி அவன் தலையைக் குறிவைப்பவன், குகேசைப் போன்று காயை நகர்த்துபவன் அல்லன். யசோதரனுக்கே அண்மையில் நிற்பவன். இதனை ரௌத்திர தியானத்துள் ஒன்றாகிய இம்சானந்தம் என்பதா, இரத்தினகரண்டத்தில் சமந்தபத்திரர் பயனில் தண்டங்கள் ஐந்தனுள் வைத்த அபத்தியானம் என்பதா என்று புலவர்கள் வாதிடட்டும். பெயர் எதுவாயினும் விலக்கத்தக்கது.

அவ்வைந்தனுள் இம்சாதானம் என ஒன்று உளது. கொலைக்கருவிகளைப் பிறர்க்கு வழங்குதல். கணிப்பொறி விளையாட்டைக் கண்டு வெகுளும் பெற்றோர் பலர், தீபாவளிக்கு முதல்நாள் கடைக்குச் சென்று பிள்ளைக்குத் துப்பாக்கியும் சுருள் கேப்பும் வாங்கித் தருவதை ஆண்டுதோறும் காண்கிறோம். மகாவீரர் வீடுபேறு எய்திய நாளைக் கொண்டாட அவர்கள் கண்ட வழி அது!

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் உளநூல் பயின்றபோது விளையாட்டைப் பற்றிய கொள்கைகள் பலவற்றை உருப்போட்டோம். மிகுந்துள்ள ஆற்றலைச் செலவிடுவதே விளையாட்டு என்றார் ஸ்பென்சர். பின்னாள் வாழ்வுக்கு முன்பயிற்சியே விளையாட்டு என்றார் செருமானியராகிய கார்ல் குரூஸ். குரூஸ் கூறியது மெய்யாயின் அச்சத்துக்கு இடமுண்டு. பிரசியப் படையதிகாரி ரைசுவிட்சு 1824இல் திருத்தி அமைத்த கிரீக்சுபீல் என்னும் போர் விளையாட்டை, அந்நாட்டுப் படையினர் அதிகாரிகளுக்கு உண்மைப் போருக்கான பயிற்சியாகவே பயன்படுத்தினர். வரைபடத்தின்மேல் சிறு கட்டைகளை முறை மாற்றி நகர்த்தும் அறிவு விளையாட்டுத்தான் அதுவும். அதனை ஆடினோர் கருதியதோ உயிருள்ள படைகளை.

இம்சானந்தம் திரையில் மட்டும் விளைவதன்று என்பதனையும் சொல்ல வேண்டும். காஞ்சிக்கு அண்மையில் உள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஐதர் அலி, திப்பு ஆகியோரின் படைகள் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையைச் சூழ்ந்து அழித்தன. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் அப்போரில் பாய்ந்தன. கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. இப்பாடத்தை நடத்தும்போது ராக்கெட் என்றவுடன் வகுப்பே கைதட்டும். நம்மூர்ப் பக்கத்து மண்ணில் உண்மையாகவே எரிந்து மாண்ட மனிதர்கள் அவர்கள்! நம் ஜினாலயம் விளங்கும் தீபங்குடியைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் சயங்கொண்டாரின் பரணியில் பேய்கள் களத்தில் கூழ் அடும் பகுதியைப் பிள்ளைகள் சுவைத்துச் சுவைத்துப் படிப்பர். உண்மையில் மாண்டவர்க்காக மகிழ்ந்து கைதட்டிய பிள்ளைக்கு நாம் முழு மதிப்பெண் அளித்தோம். இல்லாத வீட்டைக் காக்க முடியவில்லையே என்று வருந்துபவனுக்கு விரதம் கொடுக்க விரைகிறோம்.

ஆகவே எந்த விளையாட்டு என்பதற்கு அடுத்து, எந்தக் கணத்தில் என்பதனையும் நோக்க வேண்டும். இதற்குப் பாகுபலி வரலாற்றினும் சிறந்த வழிகாட்டி எமக்குத் தெரியவில்லை. பரதனும் பாகுபலியும் பெரும்படைகளோடு எதிர்நின்றபோது, இருவரும் சரம சரீரிகள், இவர்களுக்காகப் படைகள் ஏன் மாள வேண்டும் என்று அமைச்சர்கள் எடுத்துரைத்தனர். போர் மூன்று போட்டிகளாக மாறியது: கண்ணிமையாது நோக்கல், நீர் இறைத்துப் பொருதல், மற்போர். கொலைக்கு மாற்றாக விதிகளோடு கூடிய ஆட்டத்தை வைத்த வரலாறு இது. ஆதிபுராணத்திலும் நம் ஸ்ரீபுராணத்திலும் கேட்டிருக்கிறோம். ஆட்டத்தில் தீங்கில்லை. மூன்றிலும் பாகுபலி வென்றார். தீங்கு அதன்பின்னரே வந்தது: தோல்வியைப் பொறாத பரதன், விதியை மறந்து சக்கரப்படையை ஏவினான். அஃது உடன்பிறந்தவரைக் கொல்லாமல் வலம்வந்து நின்றது. வென்றவரோ வெற்றியை நோக்கி நாணித் துறவு பூண்டார்.

தோற்ற கணம்! பிள்ளையின் உள்ளக்கருத்து வெளிப்படும் கணம் அதுவே. வெல்லும்போது எல்லாரும் நல்லவரே. எம் இல்லத்தில் யாம் கையாளும் சோதனை இஃது ஒன்றே: தோற்றவன் என்ன செய்கிறான்? கைபேசியைக் கட்டிலில் எறிகிறானா? தம்பியை, தாயைக் கடிந்து பேசுகிறானா? அல்லது ‘இரண்டாம் முறையில் அங்கே நின்றிருக்க வேண்டும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறானா? முன்னவன் சதுரங்கம் ஆடினாலும் சக்கரத்தையே கையில் வைத்திருக்கிறான். கேரம் பலகையைக் கவிழ்த்தவர்களையும் யாம் அறிவோம். அவர்களுக்கு அப்போது நாற்பது வயது.

பாடசாலையாருக்கு எம் விடை வருமாறு. ‘போர் விளையாட்டு ஆடேன்’ என்னும் விரதம் வேண்டா. அஃது உருவத்தைப் பிடித்துக் கருத்தை விட்டுவிடும். கூலிக்கோ கொள்ளைக்கோ கொல்வதே வழியாக அமைந்த விளையாட்டை ஆடேன் என்று கொள்ளட்டும். மற்றவற்றுக்கு நாளில் ஒரு மணி நேர வரம்பு. பயனின்றிப் பொழுது போக்கும் பிரமாதசரியை, பூச்சியினும் பெரிய பகை என்பது எம் துணிபு. தசலட்சணப் பத்து நாள்களும் எவ்விளையாட்டும் இல்லை. அதற்கு விளக்கம் தேவையில்லை. ஆடிய நாளன்று மாலைப் பிரதிக்கிரமணத்தில், ‘இன்று எதற்கு மகிழ்ந்தேன்?’ என்று பிள்ளை தன்னையே ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். பெற்றோர் கேட்கலாகாது; கேட்டால் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான்.

மூத்தவன் இன்னும் எம்மோடு உடன்படவில்லை. அவன் கருதுவது பொறியின் விலையை மட்டுமே, ஓட்டுநனின் சாவை அன்று என்று மடல் எழுதியிருக்கிறான். செம்படவனும் மீனின் விலையைத்தானே கருதினான் என்று விடை எழுதினோம். இதுகாறும் மறுமொழி இல்லை.

இளையவன் கேட்ட ஒன்று மட்டும் எமக்கும் தீராதுள்ளது. அவ்விளையாட்டில் தேர்ந்த உத்தி, ஒரு பூச்சியைச் சற்றே தள்ளிவிடுவது. அதனால் அது முன்பே ஓங்கிய அடி, வீட்டின்மேல் விழாமல் மற்றொரு பூச்சியின்மேல் விழும். ஓங்கியது பூச்சி, திசையை மாற்றியது இவன், காக்கப்பட்டது வீடு, மாண்டது இன்னொரு பூச்சி. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் இதனைச் செய்வித்தலாகிய காரிதத்தில் வைப்பதா, அன்றி வந்த தீங்கை விலக்கியதாக மட்டும் கொள்வதா? காரிதமே எனச் சாய்கிறது எம் உள்ளம். வீட்டை நினைத்தால் தயங்குகிறது. ஆகமம் வல்ல பெரியோர் அடுத்த இதழில் விடை எழுதுவாராயின் அவனுக்குப் படித்துக் காட்டக் காத்திருக்கிறோம்.